கொடிக்கும் ஓய்வு உண்டு

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் திராட்சைத் தோட்டக்காரர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். பந்தலுக்குக் கீழே குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்தே பழகியவர்கள். ஆயினும் விழாக் குழுவினர் எங்களை அழைத்து, "நாள்தோறும் பீடத்தில் திராட்சை இரசம் ஒப்புக்கொடுக்கப்படுகிறது, அந்த இரசத்திற்குரிய கொடியை எப்படி வளர்க்க வேண்டும் என்பதைப் பங்கு மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த நமக்குத் திராட்சையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனால் நாம் வளர்ப்பது பெரும்பாலும் தின்பதற்கான பழம். இரசத்திற்கான பழத்தின் வழி வேறு. அந்த வேற்றுமையில் நம் பொன்விழாவுக்கே உரிய ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. அதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வேதத்தில் கொடியும் யூபிலியும்

வேதாகமத்தில் திராட்சை வராத இடம் குறைவு. தொடக்க நூல் 9-ஆம் அதிகாரத்தில் வெள்ளம் வடிந்தபின் நோவா திராட்சைத் தோட்டம் போடுகிறார். எண்ணிக்கை நூல் 13-ஆம் அதிகாரத்தில் எசுக்கோல் பள்ளத்தாக்கிலிருந்து ஒரே ஒரு குலையை இரண்டு பேர் கழியில் மாட்டித் தூக்கி வருகிறார்கள். எசாயா 5-ஆம் அதிகாரத்தைப் படிக்கும் தோட்டக்காரன் எவனும், எழுதியவர் விவசாயம் அறிந்தவர் என்று சொல்லிவிடுவான். நிலத்தைக் கொத்துவது, கல் பொறுக்குவது, நல்ல கொடி தேர்ந்து நடுவது, காவல் மாடம் கட்டுவது, ஆலைத்தொட்டி வெட்டுவது என்று வேலைகள் அங்கே முறைப்படி வருகின்றன. இத்தனையும் செய்த பின்னர் நல்ல பழத்திற்குப் பதில் காட்டுப் பழம் காய்த்தால் மனம் என்ன பாடுபடும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் யூபிலி என்ற சொல் வரும் அதிகாரமே திராட்சைத் தோட்டத்தைப் பற்றியும் பேசுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? லேவியர் நூல் 25-ஆம் அதிகாரம் அது. ஆறு ஆண்டு வயலை விதைத்துத் தோட்டத்தைக் கவாத்துச் செய்யலாம். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு விட வேண்டும், கொடியைக் கிளைநறுக்கக் கூடாது என்பது அங்குள்ள கட்டளை. ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. அப்போதும் விதைப்பும் அறுப்பும் இல்லை. கடனுக்காகக் கைமாறிய நிலம் உரியவரிடம் திரும்புகிறது. அடிமைப்பட்டவர் வீடு திரும்புகிறார். ஆக, யூபிலி என்றால் தோரணமும் வாணவேடிக்கையும் மட்டுமல்ல. நிலத்துக்கும் கொடிக்கும் உழைப்பவனுக்கும் மூச்சு விட இடம் கொடுப்பதே யூபிலி.

நம் பள்ளத்தாக்குக்குக் கொடி வந்த கதை

நம் ஊர்ப் பன்னீர்த் திராட்சை இந்த மண்ணின் பூர்வீகப் பயிர் அல்ல. 1832-ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் தமிழகத்துக்குக் கொண்டு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. வெளிநாட்டில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். கருநீலத் தோலும், வாயில் போட்டதும் பன்னீர் போல் கமழும் மணமும் இதன் அடையாளம். திருமறையைக் கொண்டு வந்த கைகளே திராட்சைப் போத்தையும் கொண்டு வந்தன என்பது நமக்குப் பெருமைதானே! குருவானவர் இருக்கும் இடத்தில் திருப்பலி உண்டு. திருப்பலி உள்ள இடத்தில் திராட்சை இரசம் வேண்டும். கப்பலில் இரசம் வரும்வரை காத்திருந்த அக்காலத்துக் குருக்கள், போன இடமெல்லாம் கொடி நட்டார்கள். மெக்சிகோ, கலிபோர்னியா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களிலும் இதே கதைதான். தெற்கு ஆஸ்திரேலியாவில் செவன்ஹில் என்னும் இடத்தில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த சேசு சபையார் 1851-ல் பூசை இரசத்துக்காகவே தோட்டம் போட்டார்கள்.

நம் பள்ளத்தாக்கு செழித்ததற்குப் பெரியாற்றுத் தண்ணீர் ஒரு காரணம். பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கு மலையின் காற்றும், செம்மண்ணும், வற்றாத தண்ணீரும் கூடி, பன்னீர்த் திராட்சையை இங்கேயே பிறந்த பிள்ளை போல் ஆக்கிவிட்டன. 2023-ல் 'கம்பம் பன்னீர்த் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நடவும் பந்தலும்

இந்தப் பகுதியை இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். முற்றிய கொப்பிலிருந்து நாலு கண் உள்ள போத்து வெட்டி, வேர் பிடிக்க வைத்து, ஜூன், ஜூலை மாதங்களில் நடுவது வழக்கம். பன்னீருக்கு இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் நீளமாகக் குழி எடுத்து, தொழு உரம் நிரப்பி, வரிசைக்கு வரிசை 3 மீட்டர், கொடிக்குக் கொடி 2 மீட்டர் விட வேண்டும். உப்புத் தண்ணீரும் வேர்ப்புழுவும் உள்ள நிலமானால், தாக்குப்பிடிக்கும் வேறொரு இனத்தின் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி நடுவது நல்லது.

ஒட்டுக் கட்டுவது ஐரோப்பாவையே காப்பாற்றிய வித்தை. 1860-களில் அமெரிக்கக் கொடிகளோடு பிரான்சுக்குள் நுழைந்த பில்லாக்சிரா என்னும் மிகச் சிறிய பூச்சி, வேரைத் தின்று அந்நாட்டுத் தோட்டங்களைப் பாழாக்கியது. மருந்துகளால் அதை வெல்ல முடியவில்லை. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டியபோதுதான் தோட்டங்கள் மீண்டும் தழைத்தன. எந்தத் திசையிலிருந்து கேடு வந்ததோ, அந்தத் திசையிலிருந்தே மீட்பும் வந்தது.

நட்ட கொடியை ஒற்றைத் தண்டாக மேலே ஏற்றிப் பந்தல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, இருபுறமும் கைகளைப் படர விடுகிறோம். கல்தூணும் கம்பியும் போட்டுப் பந்தல் அமைக்கும் செலவு எவ்வளவு என்பதை இங்கே சொல்ல வேண்டாம். கடன் வாங்கியவர்களுக்கு அது தெரியும்.

கவாத்துக் கத்தரி

திராட்சை விவசாயத்தின் உயிர் கவாத்தில் இருக்கிறது. யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மைத் திராட்சைக் கொடி என்றும், தந்தையைத் தோட்டக்காரர் என்றும் சொல்கிறார். அங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. காய்க்காத கிளை வெட்டி எறியப்படுகிறது, சரி. ஆனால் காய்க்கும் கிளைக்கும் கத்தரி உண்டு. இன்னும் மிகுதியாகக் கனி தரும்பொருட்டு அது கழிக்கப்படுகிறது. தோட்டம் அறியாதவருக்கு இது கொடுமையாகத் தோன்றும். தோட்டக்காரனோ இதை அன்றாடம் பார்க்கிறான்.

கொப்பின் பருமனைப் பார்த்துக் கண்களை எண்ணி வெட்ட வேண்டும். பன்னீரில் மெலிந்த கொப்பும் நடுத்தரக் கொப்பும் ஆனால் நாலு கண். பருத்த கொப்பானால் ஆறு கண். அந்தக் கண்ணுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? அடுத்த மகசூலின் குலை அணுவளவாக அதற்குள்ளேயே உருவாகிவிட்டிருக்கிறது. இப்போது தொங்கும் குலையை நாம் பார்த்துக் கொண்டிருக்கும்போதே, பக்கத்துக் கண்ணுக்குள் வருங்காலக் குலை உருக்கொள்கிறது. அந்த நாட்களில் கொப்பின் மேல் வெயில் விழாமல் இலை அடைத்துக் கொண்டிருந்தால், அடுத்த முறை அந்தக் கண்ணிலிருந்து இலை வரும், குலை வராது. ஆகவே இன்றைய மகசூலை மட்டும் பார்ப்பவன் நாளைய மகசூலை இழக்கிறான்.

குளிர் நாடுகளில் இந்தக் கணக்கை இயற்கையே கவனித்துக் கொள்கிறது. அங்கே இலையெல்லாம் உதிர்ந்து பனிக்காலம் முழுவதும் கொடி உறங்குகிறது. ஆண்டுக்கு ஒரு கவாத்து, ஒரு மகசூல். நம் பள்ளத்தாக்கில் பனிக்காலம் இல்லை. கொடி உறங்குவதும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் கவாத்துச் செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. மே, ஜூனில் மறுபடி கவாத்துச் செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரில் அறுவடை. இரண்டு ஆண்டுகளில் ஐந்து மகசூல் எடுப்பவரும் உண்டு. இது கடவுள் தந்த வரம். ஆனால் ஓய்வைக் கணக்கிலே சேர்க்காவிட்டால் வரமே சுமையாகிவிடும்.

அறுவடை முடிந்ததும் கொடி சும்மா நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அப்போதுதான் இலைகள் தாங்கள் சமைத்த மாவுச்சத்தைத் தண்டுக்கும் வேருக்கும் அனுப்பிச் சேமிக்கின்றன. அடுத்த தளிர் வெடிப்பது அந்தச் சேமிப்பிலிருந்து. குலையை வெட்டிய கையோடு கொப்பையும் வெட்டினால், சம்பாதித்ததை வங்கியில் போடுமுன் பிடுங்கிக் கொண்ட கதையாகும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் கொப்பு மெலியும், குலை சிறுக்கும், கொடி சீக்கிரம் கிழடாகிவிடும்.

சந்தைக்கு ஒரு பழம், இரசத்துக்கு ஒரு பழம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சந்தையில் பழம் எடை போட்டு விற்கப்படுகிறது. நிறமும் எடையும் இருந்தால் வியாபாரி எடுத்துக் கொள்வார். ஆகவே எவ்வளவு குலை தாங்குமோ அவ்வளவையும் கொடியில் விட வேண்டிய நெருக்கடி விவசாயிக்கு இருக்கிறது. நல்ல பராமரிப்பில் பன்னீர் ஓர் எக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 30 டன் வரை காய்க்கும்.

இரசத்துக்கான பழத்தின் மதிப்போ எடையில் இல்லை; சாற்றின் சர்க்கரையில் இருக்கிறது. ஒரு சொட்டுச் சாற்றை வைத்துச் சர்க்கரை அளவு பார்க்கும் சிறு கருவியை நம் இளைஞர்கள் பார்த்திருப்பார்கள். அதில் 17 காட்டினால் தின்பதற்கு இனிப்பான பழம். ஆனால் அந்தச் சாறு முழுதும் நொதித்தால் கிடைக்கும் இரசத்தில் சாராயச் சத்து நூற்றுக்கு 9 அல்லது 10 பங்குதான் இருக்கும். 22 காட்டினால் 12 பங்கு வரும். இந்த வேற்றுமை எதற்கு என்று கேட்கலாம். குடித்து மயங்குவதற்கு அல்ல, கெடாமல் இருப்பதற்கு. வலுவில்லாத இரசம் நம் வெயிலில் விரைவில் புளித்துக் காடியாகிவிடும். பீடத்து இரசமோ, திறந்தபின் ஒரே நாளில் தீர்ந்துவிடுவதல்ல. சிறிது சிறிதாகப் பல நாள் பயன்படுவது.

அந்தச் சர்க்கரையை எப்படி வருவிப்பது? மூன்று வழி. முதலாவது, சுமையைக் குறைக்க வேண்டும். ஒரு கொப்பில் இரண்டு குலை வந்தால் பிஞ்சிலேயே ஒன்றை எடுத்துவிட வேண்டும். இலை சமைக்கும் உணவு குறைந்த குலைகளுக்குப் பங்காகும்போது ஒவ்வொன்றும் நிறைவாகும். இரண்டாவது, குலை மேல் காற்றும் வெளிச்சமும் பட வேண்டும். மூன்றாவது, பொறுக்க வேண்டும். மாவும் வாழையும் பறித்தபின் பழுக்கும், திராட்சை பழுக்காது. கொடியில் இருக்கும் நாளில் ஏறிய இனிப்புதான் இனிப்பு. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தவும் வேண்டும். அதற்காக அளவு கடந்தும் பொறுக்கக் கூடாது. நம் வெப்பத்தில் புளிப்புச் சத்து வேகமாக இறங்கிவிடும், புளிப்பில்லாத சாறும் நிலைக்காது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பழத்தைச் சுவைத்துப் பார்த்து நாளைக் குறிக்கும் தோட்டக்காரனே இதற்குத் தகுந்தவன்.

சுருங்கச் சொன்னால், நிறையக் காய்க்கும் கொடியிலிருந்து நிறைய இரசம் வரும். நல்ல இரசம் வராது. நல்ல இரசம் வேண்டுமானால் கொடியிடம் குறைவாகக் கேட்க வேண்டும்.

நீல மருந்தின் கதை

மழையும் பனியும் சேர்ந்தால் செவட்டை நோய் வந்து இலையைக் கருக்கும். அதற்கு நாம் அடிக்கும் போர்டோ கலவைக்கு ஒரு கதை உண்டு. 1882-ல் பிரான்சில் போர்டோ நகருக்கு அருகே மெதோக் என்னும் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறித்துத் தின்னாதிருக்க, சாலையோரக் கொடிகளின் மேல் மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்திருந்தார்கள். எங்கும் நோய் பரவி இலை உதிர்ந்திருக்க, அந்தச் சாலையோரக் கொடிகள் பசுமையாக நின்றதை மில்லார்தே என்னும் தாவரவியல் பேராசிரியர் கண்டார். ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார். திருடனுக்குப் பயந்து தெளித்தது நோய்க்கு மருந்தாயிற்று!

100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். ஆனால் எந்த மருந்தானாலும் அறுவடைக்கு இத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை மீறக் கூடாது. குலையில் தங்கும் செம்பும் கந்தகமும் நொதியைக் கெடுத்து இரசத்துக்குத் துர்நாற்றம் தரும். அது இரசத்துக்கு, தின்கிற குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

பழம் இரசமாகும் விதம்

நன்றாகக் கனிந்த குலைகளைக் காலைக் குளிர்ச்சியில் வெட்டி, அழுகல் பழத்தை நீக்கி, காம்பை உதிர்த்து நசுக்குகிறார்கள். பழத்தின் உள்ளே சாறு வெளிறியது; நிறம் தோலில் இருக்கிறது. ஆகவே சிவந்த இரசம் வேண்டுமானால் தோலோடு நொதிக்க விட வேண்டும். நொதி என்பது உயிருள்ள நுண்ணுயிர். அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது என்று தெளிவுபடுத்தியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். பானை பொங்குவது போல் சாறு பொங்கும், சூடும் ஏறும். சூடு மிகுந்தால் நொதி செத்துவிடும், மணமும் பறந்துவிடும். பொங்கி அடங்கியபின் பிழிந்து, காற்றுப் புகாதபடி பாத்திரம் நிறைய ஊற்றி மூடி, வண்டல் படிந்தபின் தெளிவை மட்டும் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். ஒரு கிலோ பழத்திலிருந்து ஏறக்குறைய 650 மில்லிலிட்டர் கிடைக்கும்.

கானாவூர்க் கல்யாண வீட்டில் ஆறு கற்சாடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 லிட்டர் கொள்ளும். நம் கணக்குப்படி அந்த 600 லிட்டர் இரசத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் பழமும், ஒரு பருவத்து உழைப்பும், பல மாதக் காத்திருப்பும் வேண்டும். ஆண்டவர் அதை ஒரு நொடியில் செய்தார். நாம் செய்யும்போது அத்தனை படியும் ஏறித்தான் ஆக வேண்டும்; குறுக்கு வழி இல்லை.

பீடத்துக்கு ஏற்ற இரசம்

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 924-ஆம் எண், பீடத்து இரசம் திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப் போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2004-ல் உரோமை வெளியிட்ட திருவழிபாட்டு அறிவுரையும், வேறு பொருள் கலவாத தூய இரசமே வேண்டும் என்று வலியுறுத்துகிறது. கிறிஸ்துமஸ் நாளில் சில வீடுகளில் திராட்சையோடு சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு 'வைன்' வைக்கும் வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் பீடத்தில் வைக்க முடியாது என்பதற்குக் காரணம் இதுவே. மேலும், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது நம் மாநிலத்தில் குற்றம். இந்த உரையைக் கேட்டு யாரும் வீட்டில் பானை வைத்துவிட வேண்டாம்!

இனி முன்பு சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். கொடியில் சுமையை அதிகமாக ஏற்றினால் சாற்றில் சர்க்கரை குறையும். குறைந்த சர்க்கரையைக் கரும்புச் சர்க்கரையால் ஈடு செய்யலாம் என்பது கடைக்காரன் கணக்கு. பீடத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஆகவே பூசை இரசத்தின் தூய்மை, அதை வடிக்கும் அறையில் தொடங்குவதில்லை. பேராசைப்படாமல் கத்தரி பிடித்த ஒரு தோட்டக்காரனின் கையில் தொடங்குகிறது.

இங்கே குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கானாவூரைக் காட்டிக் குடிக்கு நியாயம் தேடுவோர் உண்டு. முதலில் தோட்டம் போட்ட நோவாவே முதலில் குடித்து நிலை குலைந்தவர் என்பதையும் அதே வேதம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. மாலையில் வாங்கிய கூலி வீட்டுக்கு வருமா, வழியிலேயே கரையுமா என்று வாசலில் காத்து நிற்கும் தாய்மார்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். கிண்ணத்தில் இரசம் சிறிதளவே ஊற்றப்படுகிறது. அதிலும் தண்ணீர் கலக்கப்படுகிறது. அது எல்லாருக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. ஒருவன் மட்டும் குடித்து வீட்டையே அழவைக்கும் மதுவுக்கும் அதற்கும் உறவே கிடையாது.

யூபிலி கேட்கும் ஓய்வு

அன்பர்களே! நம் பள்ளத்தாக்கில் பல குடும்பங்கள் பந்தலைப் பிரித்துவிட்டன. விலை கட்டவில்லை, மருந்துச் செலவு தாங்கவில்லை, வேலைக்கு ஆள் இல்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் எஞ்சியிருப்பவர்கள் நிலைக்க வேண்டுமானால், கொடியையும் ஆளையும் கசக்கிப் பிழிந்து நிலைக்க முடியாது. லேவியர் நூலில் உள்ள சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நம்மால் கடைப்பிடிக்க இயலாது. ஓராண்டு முழுவதும் தோட்டத்தைச் சும்மா போட்டால் வட்டிக்காரர் சும்மா இருக்கமாட்டார். அந்தச் சட்டத்தின் உள்ளத்தையாவது கடைப்பிடிக்கலாமே! பொன்விழா நினைவாக நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, கொடிக்கு ஓய்வு. அறுவடை முடிந்த கையோடு கத்தரியை எடுக்காமல், உரமும் தண்ணீரும் கொடுத்து, இலை தன் வேலையை முடிக்க நாள் விடுவோம். மூன்று பந்தல் உள்ளவர், ஆண்டுக்கு ஒரு பந்தலையாவது முறை வைத்து ஒரே மகசூலோடு விட்டுப் பார்க்கட்டும்.

இரண்டாவது, கைகளுக்கு ஓய்வு. பந்தல் வேலை என்பது நாள் முழுவதும் கையைத் தலைக்கு மேலே தூக்கி, கழுத்தை அண்ணாந்து செய்யும் வேலை. குலை திருத்தும் பெண்களின் தோள் இரவில் எப்படி வலிக்கும் என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கவாத்தும் மருந்தடிப்பும் வேண்டாம். மருந்தடிப்பவருக்கு முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது தோட்டக்காரரின் கடமை. பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரம். மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் தோட்டக்காரரும் மாலை ஆனவுடன் கூலி கொடுக்கச் சொல்கிறார், கடைசியாக வந்தவனுக்கும் குடும்பம் உண்டு என்பதை நினைக்கிறார். "அடுத்த லோடு போகட்டும், பார்க்கலாம்" என்று அவர் சொல்லவில்லை.

மூன்றாவது, இளைஞர்கள் கவாத்துக் கற்க வேண்டும். படித்து வேலைக்குப் போகட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொப்பைப் பார்த்துக் கண்ணை எண்ணும் பக்குவம் புத்தகத்தில் வராது. மூத்தவர் பக்கத்தில் நின்று இரண்டு பருவம் வெட்டினால் வரும். கத்தரி பிடிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் கொள்ளுங்கள்.

நான்காவது, ஒரு காணிக்கைப் பந்தல். பங்கில் யாராவது ஒருவர் தம் தோட்டத்தில் ஒரு வரிசையை இரசத்துக்குரிய முறையில் வளர்க்கட்டும்: பாதிச் சுமை, முழுக் கனிவு, அறுவடைக்கு முன் மருந்தில்லாத நாட்கள். அந்தப் பழத்தைப் பங்குத் திருவிழாவில் காணிக்கையாகப் பீடத்துக்குக் கொண்டு வருவோம். ஓரத்தில் எஞ்சும் குலைகளை, லேவியர் 19-ஆம் அதிகாரம் சொல்கிறபடி, ஏழைகளுக்கும் அந்நியருக்கும் விட்டு வைப்போம். குறைவாகக் கேட்டால் கொடி எப்படிக் கொடுக்கிறது என்பதை நம் பிள்ளைகள் நாக்கால் சுவைத்தே அறிந்து கொள்ளட்டும். பக்கத்து வரிசைப் பழத்தையும் கையில் கொடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

திருப்பலியில் குருவானவர் இரசக் கிண்ணத்தை உயர்த்தும்போது, அது கொடி தந்தது என்றும் மனிதர் உழைப்பால் ஆனது என்றும் சொல்லி இறைவனைப் போற்றுகிறார். கொடி, உழைப்பு என்ற அந்த இரண்டும் நம் பள்ளத்தாக்கின் அன்றாட வாழ்க்கை. நம் வேர்வையின் பெயர் பீடத்திலே சொல்லப்படுகிறது என்றால், அந்த வேர்வையில் வஞ்சனை கலக்காமல் பார்த்துக் கொள்வது நம் பொறுப்பு.

ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பங்கைக் கவாத்துச் செய்தும் நீர் பாய்ச்சியும் காத்து வந்த தலைமைத் தோட்டக்காரராகிய இறைவனுக்கு நன்றி கூறுவோம்.  இறைவன் நம் குடும்பங்களையும் தோட்டங்களையும் ஆசீர்வதிப்பாராக!